செத்த நொதியைப் பரிணாமம் ஏன் வைத்துக்கொண்டிருக்கிறது? மையோட்யூபுலாரின் பாஸ்படேஸ்கள் பற்றி

ஜனவரி 6, வாசகர் கேள்வி

பாஸ்பேட்டை வெட்டியெடுக்கும் மையோட்யூபுலாரின் நொதிக் குடும்பத்தில் பாதிப் புரதங்களுக்கு வினை நடத்தும் சிஸ்டீன் என்ற அமினோ அமிலமே கிடையாது என்று படித்தேன். ஈயிலிருந்து மனிதன்வரை இதே செத்த நொதிகள் இருக்கின்றனவாம். வேலை செய்யாத ஒன்றை ஐம்பது கோடி ஆண்டுகளாக எந்த உயிராவது சும்மா சுமக்குமா? எனக்கென்னவோ அவை ஏதோ வேறு வழியில் பாஸ்பேட்டை வெட்டிக்கொண்டுதான் இருக்க வேண்டும். நாம் இன்னும் கண்டுபிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஜனவரி 6, இரவு

இதே வாதத்தை ஒரு காலத்தில் நானும் பேசியிருக்கிறேன். அதுவும் கையில் "ஆதாரம்" வைத்துக்கொண்டு. அந்த ஆதாரத்தின் கதி என்ன ஆயிற்று என்பது கொஞ்சம் மானம் போகிற கதை. பிறகு எழுதுகிறேன்.

ஜனவரி 7

அடிப்படையிலிருந்து வருவோம். தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம்.

புரதத்தின் மேல் பாஸ்பேட்டை ஒட்டுவது கைனேஸ், எடுப்பது பாஸ்படேஸ். இந்த ஒட்டி எடுக்கும் விளையாட்டுக்காக எட்மண்ட் ஃபிஷரும் எட்வின் கிரெப்ஸும் 1992-ல் நோபல் வாங்கினார்கள். ஆனால் புகழெல்லாம் கைனேஸ்களுக்கே போயிற்று. பாஸ்படேஸ் என்றால் பின்னால் வந்து துடைத்துவிட்டுப் போகும் ஆள் என்கிற எண்ணம் இன்றுவரை போகவில்லை. புரதத்தின் டைரோசின் என்ற அமினோ அமிலத்திலிருந்து பாஸ்பேட்டை எடுக்கும் பாஸ்படேஸ் ஒன்றைத் தூய்மையாகப் பிரித்தெடுத்ததே 1988-ல்தான்: நிக்கோலஸ் டாங்க்ஸும் ஃபிஷரும் சகாக்களும் மனித நஞ்சுக்கொடியிலிருந்து எடுத்த பிடிபி1பி.

அந்தக் குடும்பத்தின் அடையாளம் ஒரு சிறிய வளையம். ஒரு சிஸ்டீன், நடுவில் ஐந்து அமினோ அமிலங்கள், பிறகு ஒரு ஆர்ஜினின். சாதாரண சிஸ்டீன் நடுநிலை அமிலத்தன்மையில் சும்மா உட்கார்ந்திருக்கும். இந்த வளையத்துக்குள் இருக்கிற சிஸ்டீனோ புரோட்டானை முன்பே உதறிவிட்டு, எதிர்மின்னூட்டத்தோடு பாய்வதற்குத் தயாராக நிற்கும். ஆர்ஜினின் பாஸ்பேட்டைப் பிடித்துக்கொள்ள, சிஸ்டீன் பாஸ்பரஸைத் தாக்கும். பாஸ்பேட் கொஞ்ச நேரம் சிஸ்டீன் மேலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அப்புறம் ஒரு நீர் மூலக்கூறு வந்து அதைக் கழற்றிவிடும். இரண்டே படி. உலோகம் எதுவும் தேவையில்லை. இந்தக் கடைசி வாக்கியத்தை மனத்தில் வையுங்கள், என் மானம் போன கதையில் அதற்கு வேலை இருக்கிறது.

சிஸ்டீன் இல்லையென்றால் தாக்க ஆளில்லை. அதனால்தான் வரிசையைப் பார்த்தவுடனே "செத்தது" என்று எழுதிவிடுகிறார்கள்.

ஜனவரி 7, கொஞ்சம் கழித்து

மையோட்யூபுலாரின் என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல் விட்டுவிட்டேன். பிறந்த குழந்தைகளின் தசையை மிகவும் தளர்த்திவிடும் ஒரு நோய் உண்டு. எக்ஸ் நிறப்புரி வழியாக வருவது, ஏறத்தாழ 50,000 ஆண் குழந்தைகளில் ஒருவரைத் தாக்குவது. அந்தத் தசை நார்களில் உட்கரு ஓரத்துக்குப் போகாமல் நடுவிலேயே நிற்கும். பார்ப்பதற்குக் கருவின் தசைக் குழல்களைப் போலிருப்பதால் அந்தப் பெயர். காரணமான எம்டிஎம்1 மரபணுவை 1996-ல் கண்டுபிடித்தார்கள். வரிசையில் அந்தச் சிஸ்டீன் வளையம் தெரிந்தது. உடனே "டைரோசின் பாஸ்படேஸ்" என்று முத்திரை குத்தினார்கள்.

முத்திரை தவறு. 2000-ல்தான் இதன் உண்மையான இரை புரதமே அல்ல, கொழுப்பு என்று தெரிந்தது. செல்லின் உட்சவ்வுகளில் இருக்கும் பிஐ3பி என்ற கொழுப்பின் தலையிலிருந்து மூன்றாம் இடத்துப் பாஸ்பேட்டை இது எடுக்கிறது. பிஐ3,5பி2 என்ற இன்னொன்றிலிருந்தும் எடுக்கிறது. பிடென் என்ற இன்னொரு பாஸ்படேஸுக்கும் இதே கதைதான்: 1997-ல் புற்றுநோயைத் தடுக்கும் மரபணுவாக வந்தது, எல்லோரும் புரதத்தில் தேடினார்கள், 1998-ல் ஜாக் டிக்சனின் ஆய்வகம் அதன் இரை கொழுப்பு என்று காட்டியது. ஒரே வளையத்தை வைத்துக்கொண்டு, பள்ளத்தை ஆழமாக்கி, சுற்றிலும் நேர்மின்னூட்டத்தைத் தூவி, புரதத்திலிருந்து கொழுப்புக்கு மாறியிருக்கிறார்கள்.

"மாறியிருக்கிறார்கள்" என்று எழுதிவிட்டேன். நொதிக்கு மரியாதைப் பன்மை. இருக்கட்டும்.

ஜனவரி 9, திருத்தம்

கேள்வியில் "பாதி" என்று இருந்தது, நானும் தலையாட்டிவிட்டேன். எண்ணிப் பார்த்தேன். மனிதனில் எம்டிஎம்1, அப்புறம் எம்டிஎம்ஆர்1 முதல் எம்டிஎம்ஆர்14 வரை (இனி சுருக்கமாக ஆர்1, ஆர்2 என்று), மொத்தம் 15. உயிருள்ளவை எம்டிஎம்1, ஆர்1, ஆர்2, ஆர்3, ஆர்4, ஆர்6, ஆர்7, ஆர்8, ஆர்14. செத்தவை ஆர்5, ஆர்9, ஆர்10, ஆர்11, ஆர்12, ஆர்13. ஒன்பதுக்கு ஆறு. ஐந்தில் இரண்டு பங்கு.

எண்ணிக்கை ஆளுக்கு ஆள் மாறுவதற்குக் காரணம் உண்டு. ஆர்14 தூரத்துச் சொந்தம், சிலர் சேர்ப்பார்கள், சிலர் சேர்க்க மாட்டார்கள். ஆர்15 என்று ஒன்றும் பட்டியலில் இருந்தது. அது பாஸ்படேஸே அல்ல, டிஎன்ஏவை வெட்டும் நொதி என்று 2010-ல் தெரிந்து, எஃப்ஏஎன்1 என்று பெயர் மாற்றிக்கொண்டு போய்விட்டது. கல்யாண வீட்டில் இரண்டு நாள் சாப்பிட்ட பிறகு "நீங்கள் எந்தப் பக்கத்து உறவு?" என்று யாரோ கேட்ட மாதிரி.

ஜனவரி 12, மானம் போன கதை

சரி, சொல்லிவிடுகிறேன்.

மாணவனாக இருந்தபோது எனக்கு ஆர்9-ஐக் கொடுத்தார்கள். கொடுத்தார்கள் என்றால், யாருக்கும் வேண்டாம் என்று மூலையில் கிடந்த பிளாஸ்மிடு (அதன் மரபணுவைச் சுமக்கும் டிஎன்ஏ வளையம்) என் கைக்கு வந்தது. அதன் நொதிப் பகுதியை மட்டும் ஈ.கோலை பாக்டீரியாவில் வைத்துத் தயாரித்தேன், புரதத்தைப் பிரித்தெடுக்கும் நிக்கல் பத்தியில் ஓட்டி எடுத்தேன். புரதங்களைப் பட்டைகளாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஒரு தடித்த பட்டை, அடியில் இரண்டு மெல்லிய பட்டைகள். மெல்லியவற்றை நான் பார்க்கவில்லை. பார்க்க விரும்பவில்லை என்பதே சரி.

பாஸ்படேஸ் சோதனையில் எளியது பிஎன்பிபி. நிறமற்ற பொருள், பாஸ்பேட்டை எடுத்தால் மஞ்சளாகும். செத்த நொதி ஆயிற்றே, ஒன்றும் வராது, ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்ளலாம் என்றுதான் போட்டேன். அரை மணி நேரத்தில் சோதனைத் தட்டின் கிணறு முழுக்க மஞ்சள்.

அன்று இரவு தூங்கவில்லை. உலகமே தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறது, உண்மை எனக்கு மட்டும் தெரிந்துவிட்டது என்கிற மிதப்பு. மறுநாள் வனடேட் போட்டேன். சிஸ்டீன் பாஸ்படேஸ்களை வனடேட் தடுக்கும் என்பது பாடம். மஞ்சள் நின்றுவிட்டது. இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்? குழுக் கூட்டத்தில் படம் போட்டுக் காட்டினேன். "சிஸ்டீன் இல்லாத சிஸ்டீன் பாஸ்படேஸ்" என்று தலைப்பு வேறு.

பின்வரிசையில் ஒருவர் மூன்று கேள்வி கேட்டார். டிடிடி இல்லாமல் வேலை செய்கிறதா? செய்கிறது என்றேன், பெருமையாக. எந்தத் தாங்குகரைசல்? டிரிஸ், அமிலத்தன்மை எண் 8. இடிடிஏ போட்டுப் பார்த்தாயா? இல்லை.

அவர் அதோடு உட்கார்ந்துவிட்டார். அந்த மௌனத்துக்கு அர்த்தம் எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் புரிந்தது. இடிடிஏ போட்டேன். மஞ்சள் சுத்தமாகப் போயிற்று.

சிஸ்டீன் பாஸ்படேஸுக்கு உலோகம் தேவையில்லை, ஆகவே உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் இடிடிஏவைக் கண்டு அது பயப்படாது. பயப்படுவது ஈ.கோலையின் சொந்தச் சரக்கான ஆல்கலைன் பாஸ்படேஸ். அதற்குத் துத்தநாகம் வேண்டும். என் மெல்லிய பட்டைகளில் அது ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. இப்போது ஒவ்வொன்றாகப் பாருங்கள்: வனடேட் அதையும் தடுக்கும். அது காரத்தன்மையில்தான் நன்றாக ஓடும், நான் கொடுத்ததும் 8. பாஸ்பேட்டை வாங்கிக்கொள்ள டிரிஸ் இருந்தால் இன்னும் வேகமாக ஓடும், நான் கொடுத்ததும் டிரிஸ். உண்மையான சிஸ்டீன் பாஸ்படேஸ் என்றால் பிஎன்பிபியில் 5, 6 பக்கம்தான் உற்சாகம் காட்டும். சிஸ்டீன் ஆக்சிஜனேற்றம் அடையாமல் காக்க டிடிடியும் கேட்கும். எனக்குத் தெரியாமலே ஈ.கோலைக்கு நான் விருந்து வைத்திருக்கிறேன்.

இன்னொரு சிக்கல் எனக்கு அப்போது உறைக்கவில்லை. உயிருள்ள நொதியென்றால் சிஸ்டீனைச் செரினாக மாற்றி ஒரு ஒப்பீடு போடலாம். மஞ்சள் அதற்குப் பிறகும் வந்தால் அழுக்கு என்று தெரிந்துவிடும். செத்த நொதியில் மாற்றுவதற்குச் சிஸ்டீனே இல்லை. அதைச் செத்தது என்று சொல்வதற்கும், ஒப்பீட்டுக்காக அதைக் கொல்ல முடியாமல் தவிப்பதற்கும் ஒரே காரணம்.

எனவே கேள்வி கேட்டவருக்கு: "வேறு வழியில் வெட்டிக்கொண்டிருக்கும்" என்று யாராவது சொன்னால், இடிடிஏ போட்டீர்களா என்று முதலில் கேளுங்கள்.

ஜனவரி 13

வனடேட் ஏன் இரண்டையும் தடுக்கிறது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வனடேட் பார்ப்பதற்குப் பாஸ்பேட் மாதிரியே இருக்கும், ஆனால் ஐந்து கைகளோடு உட்கார்ந்து, வினை பாதி நடந்திருக்கும் இடைநிலையைப் போல வேஷம் போடும். வேஷத்துக்கு மயங்காத பாஸ்படேஸ் குறைவு. அதனால் வனடேட் "பாஸ்படேஸ்" என்று மட்டும் சொல்லும், "எந்தப் பாஸ்படேஸ்" என்று சொல்லாது. நான் முதலாவதை இரண்டாவதாகப் படித்தேன்.

ஜனவரி 16

சரி, வெட்டவில்லை என்றால் பிறகு என்ன செய்கின்றன? என்னை மாற்றியது புழுவும் நரம்பும்.

புழு முதலில். சி.எலிகன்ஸில் எம்டிஎம்-6 உயிருள்ளது, எம்டிஎம்-9 செத்தது. புழுவின் உடற்குழியில் மிதக்கும் செல்கள் சுற்றியிருப்பதை விழுங்கும். எம்டிஎம்-6-ஐ எடுத்துவிட்டால் விழுங்குதல் கெடும், எதிர்பார்த்ததுதான். எம்டிஎம்-9-ஐ எடுத்தாலும் அதேபோல் கெடுகிறது. செத்ததை எடுத்தாலும் உயிருள்ளதை எடுத்த அளவுக்கே சேதம். இரண்டும் ஒட்டி நிற்கும் ஜோடி. அதே ஜோடி மனிதனிலும் இருக்கிறது: ஆர்9 போய் ஆர்6, ஆர்7, ஆர்8 ஆகியவற்றோடு சேர்கிறது. நான் மஞ்சள் வரவைக்கப் பார்த்த அதே ஆர்9. அதன் துணையை நான் பக்கத்தில் வைத்ததே இல்லை! துணையோடு சேர்ந்தால் ஆர்6-ஐ நிலையாக வைத்திருக்கிறது, அதன் வேகத்தையும் கூட்டுகிறது. எந்தக் கொழுப்பை அதிகம் வெட்ட வேண்டும் என்பதில்கூடக் கைவைக்கிறது.

நரம்பு இன்னும் அழுத்தமானது. சார்கோ-மேரி-டூத் என்ற நரம்பு நோயில் 4பி என்று ஒரு வகை. நரம்பைச் சுற்றியிருக்கும் மையலின் உறை தாறுமாறாக மடிந்து வெளியே தள்ளும். 4பி1-க்குக் காரணம் ஆர்2. உயிருள்ளது, 2000-ல் கண்டுபிடித்தார்கள். 4பி2-க்குக் காரணம் 2003-ல் வந்தது: ஆர்13. செத்தது. இரண்டு நோயிலும் மையலின் மடிப்பு ஏறக்குறைய ஒன்றே. 4பி2-வில் சில குடும்பங்களுக்குச் சிறு வயதிலேயே கண் அழுத்த நோயும் சேர்ந்துகொள்கிறது. 2013-ல் 4பி3-க்கு ஆர்5 என்று வந்தது. அதுவும் செத்தது. ஆர்13-உம் ஆர்5-உம் போய் ஒட்டுவது ஆர்2-வோடுதான். ஆர்5 ஒட்டினால் ஆர்2-வின் வேகம் மூன்று நான்கு மடங்கு கூடுகிறது. ஆர்13 இல்லாத எலியின் நரம்பில் ஆர்2-வின் அளவே குறைகிறது.

நோய்க்குக் காரணமான மூன்று மரபணுவில் இரண்டு "வேலையில்லாதவை". 2003-க்கு முன்பு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

ஜனவரி 17, திருத்தம்

நேற்று ஒரு தனி மடலில், பிஐ3பியை உண்டாக்குவது முதல் வகுப்பு பிஐ3 கைனேஸ் என்று எழுதிவிட்டேன். தவறு. பெரும்பங்கு மூன்றாம் வகுப்பைச் சேர்ந்த விபிஎஸ்34 என்ற கைனேஸ். முதல் வகுப்பு உண்டாக்குவது பிஐபி3, அதைத் துடைப்பது பிடென். கொழுப்பு மாறினால் துடைக்கிற ஆளும் மாறுவார்.

புழுவில் இதற்கு ஓர் அழகான சோதனை உண்டு. விபிஎஸ்34 பழுதானால் புழு சாகும். அதோடு எம்டிஎம்-1-ஐயும் குறைத்தால் பிழைத்துக்கொள்கிறது. சம்பாதிப்பவனுக்குக் கை ஒடிந்தால், செலவு செய்பவனைக் கட்டிப் போட வேண்டும்.

ஜனவரி 21

இனி பரிணாமம். இதில் பாதி என் சொந்தக் கருத்து, அதை முன்பே சொல்லிவிடுகிறேன்.

ஈஸ்டில் இந்தக் குடும்பத்துக்கு ஒரே ஆள், ஒய்எம்ஆர்1, உயிருள்ளது. பழ ஈயிலும் புழுவிலும் மனிதனிலும் பார்த்தால் செத்தவை மூன்று கிளைகளாக நிற்கின்றன: ஆர்5-ஆர்13 கிளை, ஆர்9 கிளை, ஆர்10-11-12 கிளை. மூன்றுக்கும் ஈயில் தலா ஒரு பிரதிநிதி. ஆக, ஈயும் நாமும் பிரிவதற்கு முன்பே இந்தச் சாவுகள் நடந்து முடிந்துவிட்டன. முதுகெலும்பிகளில் நடந்ததெல்லாம் செத்தவை மேலும் குட்டி போட்டதுதான்: ஒரு ஆர்5 இரண்டாயிற்று, ஒரு ஆர்10 மூன்றாயிற்று. செத்த மரபணு இரட்டித்து, இரண்டு பிரதியும் நிலைத்திருக்கிறது என்றால் அதை எப்படிக் குப்பை என்று சொல்வது? குப்பையாகியிருந்தால் சில கோடி ஆண்டுகளில் நடுவில் நிறுத்தக் குறிகள் விழுந்து சிதைந்திருக்கும்.

எப்படி நடந்திருக்கும்? ஆர்2 தனக்குத்தானே ஜோடி சேரும் புரதம். வால்பகுதியில் சுருள் கயிறு போன்ற பகுதி அதற்கு உதவுகிறது. அப்படி ஜோடி சேரும் ஒரு மூதாதையின் மரபணு இரட்டித்ததாக வையுங்கள். இப்போது அ-அ, அ-ஆ, ஆ-ஆ என்று கலந்து ஜோடி சேரலாம். ஆ-வில் ஒரு நாள் சிஸ்டீன் போய்விடுகிறது. அ-ஆ ஜோடியில் இன்னும் ஒரு நொதி உயிரோடு இருக்கிறதே, பெரிய சேதமில்லை. காலப்போக்கில், ஆ பக்கத்தில் இருந்தால்தான் அ சரியாக மடியும், சரியான சவ்வுக்குப் போகும் என்கிற மாதிரி சின்னச் சின்ன மாற்றங்கள் அ-வில் சேர்கின்றன. ஆ இருப்பதால் அவை வெளியே தெரியாது. அப்புறம் ஆ-வை எடுக்க முடியாது. ஆ எந்தப் புது வேலையையும் கற்றுக்கொள்ளவில்லை. அ-தான் தனியாக நிற்க மறந்துவிட்டது.

இது வெறும் கற்பனையல்ல என்பதற்குப் பக்கத்து வீட்டு உதாரணம்: வி-ஏடிபேஸ் என்ற புரோட்டான் பம்பின் வளையம். பெரும்பாலான உயிர்களில் அது இரண்டு வகைப் புரதத்தால் ஆனது, பூஞ்சைகளில் மூன்று. 2012-ல் ஜோ தார்ன்டன் குழு பழைய மூதாதைப் புரதத்தைக் கணித்துத் தயாரித்து ஈஸ்டில் போட்டுப் பார்த்தது. ஒரே மூதாதை, பிந்தி வந்த இரண்டின் இடத்தையும் நிரப்பியது. இரட்டித்த பிறகு ஒவ்வொரு பிரதியும் சில ஒட்டும் முகங்களை இழந்தது. இழந்ததால் இரண்டும் கட்டாயமாயின. சிக்கல் கூடியது, ஆனால் எதுவும் மேம்படவில்லை.

மையோட்யூபுலாரினில் இதே மாதிரி மூதாதையை எழுப்பிப் பார்த்தால் நன்றாக இருக்கும்.

ஜனவரி 22, மறுயோசனை

நேற்று எழுதியதைக் காலையில் படித்தேன். ரொம்பவும் சுகமாக இருக்கிறது. சுகமாக இருக்கிற விளக்கத்தைச் சந்தேகப்பட வேண்டும், மஞ்சள் கிணறும் சுகமாகத்தான் இருந்தது.

இடிக்கிற இடம்: ஆர்5-ஐயும் ஆர்13-ஐயும் "எதையும் கற்றுக்கொள்ளாத ஆ" என்று சொல்ல முடியாது. அவற்றின் தலையில் டென் என்று ஒரு பகுதி ஒட்டியிருக்கிறது. அது ராப் வகைச் சிறு புரதங்களைத் தட்டி எழுப்பும். பழ ஈயில் இதன் சொந்தமான எஸ்பிஎஃப் ராப்21-ஐ எழுப்புகிறது, அதே கையோடு எம்டிஎம்மையும் பிடித்து வைத்திருக்கிறது. ஒரு பக்கம் சவ்வுப் போக்குவரத்துக்குப் பச்சைக் கொடி, மறுபக்கம் கொழுப்பைத் துடைக்கும் ஆள். இரண்டையும் ஒரே இடத்தில் கட்டி வைப்பதுதான் அதன் வேலை. இதற்கு "மறந்துவிட்ட அ" என்ற என் கதை தேவையே இல்லை. இது நேரடியாகப் புது வேலை.

ஆர்9-க்கு டென் இல்லை. அதற்கு நேற்றைய கதை பொருந்தலாம். ஆக மூன்று கிளைக்கும் ஒரே விளக்கம் தேடியதுதான் பிழை. மூன்று தனித்தனிச் சாவு, மூன்று தனித்தனிப் பிரேதப் பரிசோதனை வேண்டும்.

ஆர்5-க்கு 1998-ல் முதலில் கொடுத்த விளக்கம் இரண்டிலும் சேராதது. பாஸ்பேட்டைப் பிடித்துக்கொண்டு விடாமல் நின்று, மற்றப் பாஸ்படேஸ்களிடமிருந்து அதைக் காக்கும் "எதிர்ப் பாஸ்படேஸ்" என்றார்கள். அப்போது இரை புரதம் என்று நினைத்த காலம்.

ஜனவரி 30

செத்ததை மறுபடி எழுப்ப முடியுமா என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். முடியும், வேறு கிளையில் செய்து காட்டியிருக்கிறார்கள். ஸ்டிக்ஸ் என்ற புரதத்தில் சிஸ்டீன் இருக்க வேண்டிய 120-ஆம் இடத்தில் கிளைசின் இருக்கிறது. 1995-ல் அதைச் சிஸ்டீனாக மாற்றினார்கள். ஒரே மாற்றம், நொதி எழுந்து உட்கார்ந்துவிட்டது. எல்ஏஆர் என்ற ஏற்பியில் இரண்டு பாஸ்படேஸ் பகுதிகள் அடுத்தடுத்து இருக்கும், இரண்டாவது தூங்கும்; அங்கே இரண்டு அமினோ அமிலங்களை மாற்றியதும் அதுவும் விழித்துக்கொண்டது.

இதை நான் முன்பு "பார், சாவதற்கு எவ்வளவு அருகில் உயிர்" என்று சொல்லித் திரிந்தேன். இப்போது தலைகீழாகப் படிக்கிறேன். ஸ்டிக்ஸின் மற்ற எல்லாப் பாகமும் ஒழுங்காக இருக்கிறது: மடிப்பு, பள்ளம், ஆர்ஜினின். சிஸ்டீன் போய் எவ்வளவோ காலமாகியும் பள்ளம் இடியவில்லை. ஆள் குடியில்லாத வீட்டை யாரோ தினமும் பெருக்குகிறார்கள். ஏனென்றால் பள்ளம் இப்போதும் பயன்படுகிறது, வெட்டுவதற்கு அல்ல, பிடிப்பதற்கு. ஸ்டிக்ஸ் உட்கருவில் இஆர்கே கைனேஸைப் பிடித்து வைத்திருக்கிறது என்று 2013-ல் காட்டினார்கள்.

ஜனவரி 30, பின்னிணைப்பு

கிளை தாவியதற்கு ஒருவர் கோபித்துக்கொண்டார்: சிஸ்டீன் வளையம் இருப்பவை எல்லாமே ஒரே குடும்பமா என்று. இல்லை. சிடிசி25 என்ற பாஸ்படேஸுக்கும் அதே வளையம், ஆனால் உடல்வாகு ரோடனீஸ் என்ற வேறு புரதத்தைச் சேர்ந்தது. சிறு எடை டைரோசின் பாஸ்படேஸ்களும் வேறு மடிப்பு. ஸ்டெஃபிலோகாக்கஸ் பாக்டீரியாவின் ஆர்சனேட் ரிடக்டேஸ் என்ற நொதி அவற்றின் சொந்தம். ஒரே வளையம் வெவ்வேறு மடிப்புகளில் தனித்தனியே வந்திருக்கிறது. ஆனால் ஸ்டிக்ஸ், எல்ஏஆர், பிடென், மையோட்யூபுலாரின் எல்லாம் ஒரே மடிப்புதான், நான் தாவியது பங்காளி வீட்டுக்கு.

பிப்ரவரி 4

இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும், மறந்தே போனேன். 2012-ல் வந்த எலி ஆய்வு. எம்டிஎம்1 இல்லாத எலிக்குத் தசை தளரும். அதன் தசைக்கு எம்டிஎம்1-ஐத் திருப்பிக் கொடுத்தால் தேறும், சரி. 375-ஆம் இடத்துச் சிஸ்டீனைச் செரினாக்கி, வேண்டுமென்றே கொன்ற எம்டிஎம்1-ஐக் கொடுத்தபோதும் தசை தேறியது.

மறுபடி படியுங்கள். குடும்பத்தின் தலைவன், நோய்க்கே பெயர் கொடுத்தவன். அவனைக் கொன்று கொடுத்தாலும் பலன் இருக்கிறது. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்.

எம்டிஎம்1 தசையின் டெஸ்மின் என்ற இழைப் புரதத்தோடு ஒட்டுகிறது, அந்த ஒட்டுதல் வெட்டுவதோடு சம்பந்தமில்லாதது. செத்த ஆர்12 எம்டிஎம்1-ஐ நிலைநிறுத்துகிறது. வரிக்குதிரை மீனில் ஆர்12-ஐக் குறைத்தாலே தசை கெடுகிறது. வெட்டும் வேலைக்கு மதிப்பே இல்லை என்று இதைப் படிக்கக் கூடாது. பிஐகே3சி2பி என்ற, அந்தக் கொழுப்பை உண்டாக்கும் பக்கத்துக் கைனேஸை எலியில் நீக்கினாலும் நோய் தணிகிறது. கொழுப்புக் கணக்கும் உண்மைதான். இரண்டும் உண்மை. எது எவ்வளவு என்பதில்தான் சண்டை.

ஆனால் எனக்கு உறைத்தது வேறு. "உயிருள்ளவை, செத்தவை" என்று ஜனவரி 9-ல் ஒன்பதுக்கு ஆறு என்று பட்டியல் போட்டேனே, அந்தக் கோடே இப்போது மங்கலாகத் தெரிகிறது. உயிருள்ளவையும் பாதி நேரம் செத்தவை செய்கிற வேலையைத்தான் செய்கின்றன: பிடிப்பது, நிறுத்துவது, அழைத்துப் போவது. செத்தவற்றில் அந்த வேலை மட்டும் மிச்சமிருக்கிறது.

பிப்ரவரி 5

"செத்த நொதி" என்று சொல்லாதீர்கள், "போலிப் பாஸ்படேஸ்" என்பதுதான் சரியான சொல் என்று ஒருவர். போலி என்றால் ஏமாற்று என்று பொருள் வருகிறது. இவை யாரையும் ஏமாற்றவில்லை, ஏமாந்தது நான். செத்தது என்றே எழுதிக்கொள்கிறேன்.

பிப்ரவரி 19

கேள்வி கேட்டவர் ஆர்10-ஐத் தயாரித்து, கொழுப்போடு மலக்கைட் பச்சைச் சோதனை செய்திருக்கிறார். பச்சை வந்ததாம், இடிடிஏ போட்டும் போகவில்லையாம். எனக்கும் ஒரு நொடி நெஞ்சு படபடத்தது.

புரதமே போடாத கிணறு எப்படி இருந்தது என்று கேட்டேன். அதுவும் பச்சை.

மலக்கைட் பச்சை விடுபட்ட பாஸ்பேட்டைப் பார்க்கும். அது எங்கிருந்து வந்தது என்று கேட்காது. பாத்திரம் கழுவும் சோப்பில் பாஸ்பேட் இருந்தால் பச்சை. பாஸ்பேட் கலந்த உப்புக் கரைசலில் புரதத்தை வைத்திருந்து, அப்படியே ஊற்றினாலும் பச்சை. கண்ணாடியை விட்டுவிட்டுப் புதுப் பிளாஸ்டிக் குழாய் எடுங்கள், புரதத்தை வேறு தாங்குகரைசலுக்கு மாற்றுங்கள், முதல் கிணற்றில் வெறும் நீரும் சாயமும் மட்டும் போடுங்கள்.

பிப்ரவரி 23

வெறும் நீர்க் கிணறு மஞ்சளாகவே நின்றதாம் (இந்தச் சாயத்தில் மஞ்சள் என்றால் பாஸ்பேட் இல்லை), ஆர்10 கிணறும் அப்படியே. ஆர்2-வைத் தனியாகப் போட்டது லேசாகப் பச்சை. அடுத்து ஆர்2-வோடு ஆர்13-ஐச் சேர்த்துப் போடப் போகிறாராம். ஆர்13 நீளமான புரதம், ஈ.கோலையில் ஒழுங்காக வராது, பூச்சிச் செல்லிலோ பாலூட்டிச் செல்லிலோ எடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். ஜெல்லை முழுசாகப் படம் எடுத்து அனுப்பவும் சொன்னேன், அடியில் இருக்கும் மெல்லிய பட்டைகளை வெட்டாமல்.